கரிபூவா, அன்ரனோவா?

அக்காவின் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. குட்டை ஓடுபாதையில் எழும்பக்கூடிய ஒரு சரக்கு விமானத்தை ரெஜிபோமில் செய்யவேண்டும். அவன் கேட்டது கனடாவின் கரிபூ. நான் செய்து கொடுத்தது சோவியத்தின் அன்ரனோவ்-32. கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு நாள் நடந்த வழக்கு இது. தீர்ப்புச் சொன்னவன் நான் என்பதால் பக்கச்சார்பு இருக்கும்.

எழும்பும் தூரம் என்று பார்த்தால் பேச்சே இல்லை, கரிபூதான். 360 மீற்றருக்குள் ஒரு தென்னை உயரத்துக்குப் போய்விடும். அன்ரனோவுக்கு நிலத்தில் ஓடவே 760 மீற்றர் அளவில் வேண்டும். சுமையில் கணக்கு மாறும்: கரிபூ மூன்றரைத் தொன், அன்ரனோவ் 6.7 தொன். மேலே இறக்கை, பின்னால் சாய்கதவு எல்லாம் இரண்டுக்கும் உண்டு.

எனக்கு விஷயம் எண்ணெயில் இருக்கிறது. கரிபூவுக்கு 14 சிலிண்டர் பிஸ்ரன் எஞ்சின் இரண்டு. சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆக விமானத்துக்கு 56. அத்தனையும் எரிய விமானப் பெற்றோல்தான் வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் நாங்கள் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள். சின்னப் போத்தலில் பொத்திப் பொத்திக் கொண்டுபோன நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு உதைத்தால் பிடிக்கும். பிறகு கரும்புகை. இரண்டு நாளில் பிளக் கரி பிடித்துவிடும், கழற்றி அரத்தாளால் தேய்க்கவேண்டும். ஒரு பிளக்குக்கே அந்தப் பாடு! அவுஸ்திரேலியா 1964இல் வாங்கிய கரிபூவை 2009 வரை ஓட்டியது. கடைசியில் அதன் பழுதும் பராமரிப்பும்தான் தாங்க முடியாமல் போனது.

அன்ரனோவ் குடிப்பது மண்ணெண்ணெய்ச் சாதி எரிபொருள், பிளக் தேய்க்கும் வேலையும் இல்லை. அன்ரனோவ்-26இன் உடலில் 5,000 குதிரைவலுவுக்கு மேற்பட்ட எஞ்சின்களைப் பூட்டி, இந்தியாவின் வெயிலுக்கும் மலைக்கும் என்று செய்தது. முதலில் பறந்தது 1976இல். விசிறி பெரிது, அதனால் எஞ்சினை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்தார்கள். கிரவல் பாதையில் கல் தெறித்தாலும் எஞ்சின் வாய்க்கு எட்டுவது குறைவு. குறையும் உண்டு: உதிரிப்பாகத்துக்கு உக்ரைனைப் பார்த்திருக்கவேண்டும். 2014இல் ரஷ்யாவோடு உக்ரைனுக்குப் பிரச்சினை வந்த பிறகு இந்தியாவின் புதுப்பிப்பு வேலையே இழுபட்டது. நான் இரண்டிலும் ஏறியவன் அல்ல; அன்ரனோவின் சத்தம் தெரியும், கரிபூவைப் படத்தில்தான் தெரியும்.

“மாமா, அப்ப பஃபலோ? அதுவும் மண்ணெண்ணெய்தானே?” என்றான் மருமகன். பொடியன் வாசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். கரிபூவின் தம்பி அது, 1964இல் பறந்தது, அன்ரனோவைப் போல ரேர்பைன் எஞ்சின், ஓட்டமும் குட்டை. என் கணக்குப்படி அதுதான் வெல்லவேண்டும். ஆனால் செய்ததே 120 சொச்சம், அன்ரனோவோ முந்நூறுக்கு மேல். உதிரிக்கு அலைவது யார்? அவன் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

முதல் இறக்கையை ஸ்பிரே பெயின்ற் தின்றுவிட்டது, ரெஜிபோம் அப்படியே உருகிக் குழி விழுந்தது. இரண்டாவதுக்குச் சுவர்ப் பெயின்றைத் தூரிகையால் பூசினோம். அக்கா வந்து பார்த்தாள். 4.6.1987இல் இந்தியா யாழ்ப்பாணத்தில் வானத்திலிருந்து சாப்பாடு போட்டதும் இந்த அன்ரனோவில்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு ஞாபகம் குண்டுக்குப் பதுங்கிய பங்கர்தான். காய்ந்ததும் பழைய சாரம் ஒன்றைக் கொண்டுவந்து அதை மூடிவிட்டுப் போனாள்.