உட்சுவர் அடித்து முடித்த பழைய வேனை வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய சரக்கு வேனை வாங்கித் தங்கள் கையாலேயே வீடாக மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களைக் குறிவைத்து, ‘பாதி வேலை முடிந்த வண்டி’ என்ற பெயரில் ஒரு வியாபாரம் நடக்கிறது. பக்கவாட்டில் கண்ணாடி இல்லாத பேனல் வேன் ஒன்றை விற்பனையாளரே எடுத்து, வெப்பம் கடத்தாத அடுக்கைப் பதித்து, ஒயர் இழுத்து, அதன்மேல் பிளைவுட்டால் சுவரும் கூரையும் தரையும் அடித்துக் கொடுத்துவிடுவார். கட்டில், அடுப்பு மேடை, அலமாரி முதலிய தச்சு வேலைகளை மட்டும் வாங்குகிறவர் செய்துகொள்ள வேண்டும். கேட்பதற்கு நியாயமான ஏற்பாடாகத்தான் தோன்றும். அப்படியொரு வண்டியை வாங்கி, அடித்திருந்த பலகைகள் அத்தனையையும் கழற்ற வேண்டிய நிலைக்கு வந்ததால் இதை எழுதுகிறேன். விற்றவர் யார் என்பதைச் சொல்லப் போவதில்லை. அவர் செய்த வேலையின் அடையாளங்களைச் சொல்கிறேன், ஏனெனில் அவை வேறு பல வண்டிகளிலும் இருக்கக்கூடியவை.

வாங்குவதற்கு முன் ஒரு மெக்கானிக்கை அழைத்துச் சென்று எஞ்சினையும் கியர்பெட்டியையும் பார்க்கச் செய்தேன். சேசிஸ் எண்ணை ஆவணங்களோடு ஒப்பிட்டுக்கொண்டேன். அவற்றில் குறை எதுவும் இல்லை, இன்றுவரை எஞ்சின் நன்றாகவே ஓடுகிறது. பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டபோது, ஈரத்தை உறிஞ்சாத நுரைத் தகடு, தூய செம்பு ஒயர், 200 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரி, துருவைச் சுரண்டிப் பிரைமர் அடித்த தரை என்று நான்கையும் ரசீதிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்த நான்கில் ஒன்றுகூட உண்மையில்லை.

குளிர்காலம் தொடங்கியதும் கூரை விளக்கின் விளிம்பிலிருந்து விடியற்காலையில் நீர் சொட்டத் தொடங்கியது. மழையே பெய்யாத இரவுகளிலும் சொட்டியதால், கூரை ஒழுகவில்லை என்பது தெளிவாயிற்று. விளக்கைக் கழற்றி உள்ளே விரலை விட்டபோது கையில் வந்தது நுரைத் தகடு அல்ல, பிழியாமல் எடுத்த துணியைப் போல நீர் கோத்துக் கனத்துக் கிடந்த கண்ணாடிக் கம்பளி (கண்ணாடி இழைகளால் ஆன பஞ்சு). வண்டியின் அதிர்வில் அது சுவர்களில் சரிந்து அடியில் குவிந்துவிட்டிருந்தது; மேல்பாதியில் தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே வெறும் காற்றுதான் இருந்தது. குறுக்குச் சட்டங்களின்மீது எதுவுமே ஒட்டப்படவில்லை. உள்ளே தூங்குகிறவர்களின் மூச்சிலிருந்தே இரவு முழுவதும் ஈரம் வெளியேறுகிறது. எரிவாயு அடுப்பும் எரிந்தால் ஒரு கிலோ வாயுவுக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமான நீராவி உண்டாகிறது. இந்த ஆவி பலகை இடுக்குகளின் வழியே புகுந்து, குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. அந்த நீரைப் பிடித்துத் தகரத்தோடு சேர்த்து வைத்திருப்பதற்குக் கம்பளியைவிடத் தோதான பொருள் வேறில்லை. கம்பளி ஒட்டியிருந்த இடங்களில் உட்புறப் பெயின்ட் கொப்புளித்து, துரு அரும்பியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் பளபளவென்றுதான் இருக்கும்.

ஒயரைப் பற்றிய சந்தேகம் இன்வெர்ட்டரை ஓட்டியபோது வந்தது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 1000 வாட் எடுக்கும் இன்வெர்ட்டர் ஏறத்தாழ 83 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். அதன் சொந்த இழப்பையும் சேர்த்தால் 90-ஐத் தாண்டிவிடும். அதற்கு ஏறத்தாழச் சுண்டுவிரல் பருமனுள்ள கேபிள் தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளலாம். இவர் இழுத்திருந்ததோ மேலுறை தடித்து, உள்ளே உலோகம் மெலிந்த ஒன்று. முனையருகே உறை இளகிப் பளபளத்திருந்தது. ஒரு துண்டை வெட்டிக் கத்தி முனையால் சுரண்டினேன். செம்பு நிறம் மேல்பூச்சாக உதிர்ந்து, உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் அது. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். ஆகவே ஒரே பருமனில் அது கூடுதலாகச் சூடாகும். போதாக்குறைக்கு, சட்டத்தில் துளைத்த கூர்மையான ஓட்டைகளின் வழியே ரப்பர் வளையம்கூட இல்லாமல் அதை நுழைத்திருந்தார். பேட்டரியின் அருகில் இருந்தாக வேண்டிய பிரதான ஃபியூஸ் எங்குமே இல்லை. அதிர்வில் உறை தேய்ந்து ஒயர் தகரத்தைத் தொட்டால், தடுப்பதற்கு எதுவுமின்றிப் பேட்டரியின் முழு ஆற்றலும் அந்த ஓர் இடத்தில் பாயும், அதைச் சுற்றி இருப்பது மரப்பலகை. ஏமாற்று என்ற சொல் இதற்குப் போதாது என்பது என் கருத்து.

பேட்டரி விஷயம் எளிதாக வெளிப்பட்டது. அந்த அளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வழக்கமாக 20 கிலோ அளவில் இருக்கும். இதைத் தராசில் வைத்தால் பாதியைச் சற்றே தாண்டியது. முழுவதும் சார்ஜ் செய்து, அளவு தெரிந்த சுமையைப் பூட்டி ஓட்டிப் பார்த்ததில், 2560 வாட்-அவர் (12.8 வோல்ட் × 200 ஆம்பியர்-அவர்) தர வேண்டியது பாதியைக்கூடத் தரவில்லை.

தரைதான் செலவில் பெரியது. அடிப்பகுதியில் கறுப்பாக, தடிமனாக, புதிதாக அண்டர் கோட்டிங் (துருவைத் தடுக்க அடியில் அடிக்கும் பூச்சு) அடித்திருந்ததைப் பராமரிப்பின் அறிகுறி என்று அவர் காட்டியிருந்தார். சக்கர வளைவின் ஓரத்தில் அந்தப் பூச்சை ஸ்குரூ டிரைவரால் குத்தினால், முனை அப்படியே உள்ளே இறங்கிப் பலகையில் இடித்து நின்றது. துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே பூசியிருக்கிறார்கள். தரைப் பலகையை முடுக்கிய திருகுகள் தகரத்தைத் துளைத்து அடியில் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் முனை டீசல் குழாய்க்கு ஒரு விரல் இடைவெளியில் இருந்தது. எரிவாயு சிலிண்டருக்கு அவர் செய்து கொடுத்த பெட்டியின் அடியில் காற்றுத் துளையே இல்லை. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும்.

விற்றவரிடம் படங்களோடு போனபோது, “பார்த்துத்தானே வாங்கினீர்கள் சார்” என்பது முதல் பதில். பலகையைக் கழற்றிவிட்டதால் உத்தரவாதம் செல்லாது என்பது இரண்டாவது. அதாவது, கழற்றாமல் குறையைக் காண முடியாது, கழற்றினால் குறையைக் கேட்க முடியாது. தராசுச் சீட்டைக் காட்டியதும் பேட்டரிக்கான பணத்தை மட்டும் திருப்பித் தந்தார். மற்றவற்றுக்கு இன்னும் பதில் இல்லை.

இத்தகைய வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள், ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த படங்களை முதலில் கேளுங்கள். வெறும் தகரம், பிரைமர் அடித்த தரை, வெப்பம் கடத்தாத அடுக்கு ஒட்டிய சுவர் என்று நேர்மையாக வேலை செய்கிறவர் படம் எடுத்து வைத்திருப்பார். கூரை விளக்கு ஒன்றையும் தரையோரப் பலகை ஒன்றையும் உங்கள் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான், அதற்கு மறுக்கிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. டார்ச்சோடு வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள். எடை மேடையில் ஏற்றி, வண்டியின் தகட்டில் பொறித்துள்ள மொத்த எடை வரம்போடு ஒப்பிடுங்கள்; 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ இருக்கும் என்பதால், தச்சு வேலை தொடங்கும் முன்பே தாங்குதிறனில் பெரும்பகுதி போயிருக்கலாம். என்னைக் கேட்டால், உள்ளே எதுவும் அடிக்காத வெறும் வேனே மேல்: அதன் துருவும் பட்டி பூசிய இடங்களும் கண்ணுக்குத் தெரியும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டு இதே குறைகளைக் காண்கிறவர்கள், ஆத்திரத்தில் எதையும் பிய்த்து எறிந்துவிடாதீர்கள். கழற்றும் முன்பும் கழற்றும்போதும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். வெட்டிய ஒயர்த் துண்டு, ஈரக் கம்பளி, தராசுச் சீட்டு ஆகியவற்றைப் பாதுகாத்து வையுங்கள். சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடமும் எலக்ட்ரீஷியனிடமும் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். நான் கொடுத்திருக்கும் நுகர்வோர் புகாருக்கு, அவர் கையெழுத்திட்ட ரசீதோடு இவைதான் ஆதாரம்.