ஆறு மாதம் கப்பலில்: காயின் எக்ஸ்சேஞ்சிலா, வாலட்டிலா?

ஆறு மாதம் கப்பலுக்குப் போகிறவர் தன் கிரிப்டோ காயின்களை எங்கே விட்டுப்போவது? சில ஆயிரம் ரூபாய்தான் என்றால் எக்ஸ்சேஞ்சிலேயே (காயின் வாங்கி விற்கும் தளம்) கிடக்கட்டும், அலட்டிக்கொள்ள வேண்டாம். பெரிய தொகை என்றால் என் ஓட்டு ஹார்டுவேர் வாலட்டுக்கே, அதாவது காயினை எடுக்கத் தேவையான ரகசியச் சாவியை நம் கையிலேயே வைத்திருக்கும் சிறு கருவிக்கு.

எக்ஸ்சேஞ்சில் அந்தச் சாவி நிறுவனத்தின் கையில். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலானது. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் திருடுபோக, பணம் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். நடுக்கடலில் இருப்பவருக்குச் செய்தியே தாமதமாகத்தான் வரும். ரீசார்ஜ் இல்லாமல் சிம் செத்துப்போனால் ஓடிபியும் வராது.

லெட்ஜர் மாதிரி வாலட்டில் இந்தத் தொல்லை இல்லை. பின் நம்பரை மூன்று முறை தப்பாக அடித்தால் கருவி தன்னிடமுள்ள சாவியை அழித்துவிடும், திருடனுக்கு லாபமில்லை. கருவியை முதலில் அமைக்கும்போது அது தரும் 24 மீட்புச் சொற்கள் உங்களிடம் இருந்தால் வேறு கருவியில் மீட்டுக்கொள்ளலாம். அவற்றை மட்டும் போட்டோ எடுத்து மொபைலில் வைக்காதீர்கள். ஸ்டீல் தகட்டில் பொறித்து பேங்க் லாக்கரில் வையுங்கள். கருவி வீட்டில் இருக்கட்டும்.