கைப்பிடி ஓரத்து ஒரு விரற்கடை: முகாம் சாணைக் கட்டையோடு சில வருடங்கள்

"டேய், அந்தச் சாணைக் கட்டை இன்னும் உன்கிட்ட இருக்கா? விலை இறங்கியிருக்கு, வாங்கிடவா?" என்று நண்பன் கேட்டிருந்தான். இருக்கு, வேண்டாம் என்று பதில் போட்டேன். நீ மட்டும் வருஷக்கணக்கா வச்சிருக்கே, எனக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்கிறான். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் குறுஞ்செய்தியில் அடங்காது.

கட்டையைப் பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் உடம்பு, கரடு ஒன்று நைசு ஒன்றாக இரண்டு வைரத் தகடு, ஒரு செராமிக் கம்பி, ஒரு தோல் துண்டு. தகட்டின் இரண்டு முனையிலும் 20 டிகிரி சாய்வில் ஓர் ஆப்பு. கத்தியை ஆப்பின் மேல் சாய்த்து, அந்தச் சாய்வு மாறாமல் தகட்டின் மேல் இழுக்க வேண்டியதுதான். பெயரைச் சொல்லவில்லை. இந்த அமைப்பில் வருகிற எல்லாவற்றுக்கும் நான் திட்டுவது பொருந்தும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல மனசு வராது.

அந்தத் தோல் துண்டு இருக்கிறதே, அது தங்கம். பெட்டியைத் திறந்ததும் பார்த்தால் அலங்காரத்துக்கு ஒட்டியது போலத்தான் தெரியும். அதில் பச்சை நிற குரோமியம் ஆக்சைடு மெழுகைத் தேய்த்து வைத்துக்கொண்டால், முகாமில் வேறு சாணை அநேகமாகத் தேவைப்படாது. காரணம் இதுதான். ஒரு நாள் முழுக்கக் கயிறு அறுத்து, குச்சி சீவி, காய் நறுக்கிய கத்தி மழுங்கிவிட்டது என்கிறோமே, பெரும்பாலும் அதன் கூர் தேய்ந்து போயிருக்காது. விளிம்பு ஒரு பக்கமாக மடங்கிக் கிடக்கும், அவ்வளவே. அதை நிமிர்த்தக் கல்லும் வைரமும் வேண்டாம், தோலே போதும். கத்தியின் முதுகு முன்னால் போக, கூர் பின்னால் வர, பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து இழுப்பு. அழுத்தக் கூடாது, அழுத்தினால் தோல் அமுங்கி, கூரைச் சுற்றி மேலேறி, இருக்கிற கூரையும் உருட்டிவிடும். இழுப்பு முடியும் இடத்தில் கத்தியைப் புரட்டித் தூக்கவும் கூடாது. படுக்கப் போகும் முன் தலைவிளக்கு வெளிச்சத்தில் இதைச் செய்துவிட்டால் மறுநாள் காலை கத்தி புதிதாக இருக்கிறது.

தலைவிளக்கு என்றதும் இன்னொன்று. கத்தியின் கூரை நேராகக் கண்ணுக்கு எதிரே பிடித்து, மேலிருந்து வெளிச்சம் அடித்துப் பாருங்கள். நல்ல கூருக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப அகலமே கிடையாது, அதனால் ஒன்றும் தெரியாது. மழுங்கிய இடம் மட்டும் வெள்ளை இழை போல மினுங்கும். கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பது, கை முடியை மழிப்பது எல்லாம் வித்தை காட்டத்தான். எந்த இடம் மழுங்கியிருக்கிறது என்று துல்லியமாகக் காட்டுவது வெளிச்சம்தான்.

என் எரிச்சலை எனக்குக் காட்டிக்கொடுத்ததும் அதே வெளிச்சம்தான்.

என் கத்தியில் கைப்பிடியை ஒட்டி ஒரு விரற்கடை அகலத்துக்கு எப்போதும் அந்த வெள்ளை இழை மினுங்கும். நடுப்பகுதி, நுனி எல்லாம் சுத்தம். சந்தேகம் தீரக் கூரின் சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசி, ஆப்பில் சாய்த்து நாலு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். எங்கும் மை போய்ப் பளபளவென்று உலோகம் தெரிகிறது. கைப்பிடி ஓரத்தில் மட்டும் பூசிய மை பூசியபடி. தகடு அந்த இடத்தைத் தொடவே இல்லை! தகட்டின் முனையில் ஆப்பு உயர்ந்து நிற்கிறது, கைப்பிடி போய் அதில் முட்டிக்கொள்கிறது. ஆப்புக்கும் தகடு ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி எவ்வளவோ, கத்தியில் அவ்வளவு தூரம் தீட்டப்படாமல் நிற்கிறது.

ஒரு விரற்கடைதானே, போகட்டும் என்று விட முடியாது. காய் நறுக்க நடுப்பகுதி போதும், சரி. ஆனால் காட்டில் கத்திக்குப் பாதி வேலை மரத்தில்தான். கூடார முளைக்குப் பள்ளம் வெட்டுவது, ஈர விறகின் உள்ளே இருக்கிற உலர்ந்த பகுதியைச் சுருள் சுருளாகச் சீவி அடுப்புப் பற்றவைப்பது எல்லாவற்றுக்கும் பலம் கைப்பிடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கையிலிருந்து கூர் தள்ளிப் போகப் போக மணிக்கட்டு மல்லுக்கட்ட வேண்டும். ஆக, எந்த இடம் அதிகம் உழைக்கிறதோ அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் தீட்டித் தருகிறது இந்தக் கட்டை. வடிவமைத்தவர் ஒரு தடவையாவது ஒரு குச்சியைச் சீவிப் பார்த்திருப்பாரா என்பது என் சந்தேகம்.

நாளாக ஆக இது இன்னும் மோசமாகிறது. மற்ற இடம் தேயத் தேய, தொடாத இடம் மேடாக நின்றுவிடுகிறது. கத்தியின் கூரை ஒரு சமமான பலகை மேல் நிறுத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் காட்டினால் விஷயம் தெரியும்: கைப்பிடி ஓரம் பலகையில் உட்கார்ந்திருக்க, அதை அடுத்து மெல்லிய கீற்றாக வெளிச்சம் வருகிறது. காய் நறுக்கும்போது அந்த இடத்தில் மட்டும் வெங்காயத்தாள் முழுசாக அறாமல் மணிமாலை மாதிரி தொங்கும்.

கத்தி பக்கத்துத் தப்பையும் சொல்ல வேண்டும். சில கத்திகளில் கூர் தொடங்கும் இடத்தில் சின்னதாக ஓர் அரைவட்ட வெட்டு விட்டிருப்பார்கள். கூர் கைப்பிடியிலிருந்து கொஞ்சம் தள்ளித் தொடங்குவதால் கல் தடங்கலில்லாமல் முழுசாகத் தொடும். என் கத்தியில் அது கிடையாது. கிடையாததால்தான் கூர் கைப்பிடி வரை வருகிறது, அதற்காகத்தானே அந்தக் கத்தியையே வாங்கினேன். ஆகவே பாதிக் குற்றம் கத்தியின் தலையில். எரிச்சல் மட்டும் பாதியாகவில்லை.

கோணத்திலும் ஒரு சிக்கல். ஆப்பு பக்கத்துக்கு 20 டிகிரி. என்னுடையது ஸ்காண்டி வகைக் கத்தி, ஒரே அகலச் சரிவு, இரண்டு பக்கமும் சேர்த்தே சுமார் 25 டிகிரிதான் வரும். ஆப்பை நம்பித் தீட்டினால் அந்த அகலச் சரிவின் நுனியில் மயிரிழை அகலத்துக்கு இன்னொரு மொண்ணைச் சரிவு உருவாகிறது. கெடுதல் என்று சொல்ல மாட்டேன். முடிச்சுள்ள மரத்தில் வெட்டும்போது விளிம்பு உடையாமல் தாங்குவது அதனால்தான். ஆனால் மரத்தின் மேல் சரிவைப் படுக்க வைத்து வழுக்கிச் சீவுகிற சுகம் போய்விடுகிறது. சாதாரண வி வடிவக் கூர் உள்ள கத்திக்காரர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

செராமிக் கம்பி பரவாயில்லை. உருண்டையாக இருப்பதால் கைப்பிடி ஓரம் வரை போகிறது. ஆனால் ஏற்கெனவே மேடாகிவிட்ட இடத்தைக் கரைக்க அதற்குத் தெம்பு கிடையாது. டி2 போல, கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 60ஐத் தொடுகிற எஃகு என்றால் இன்னும் மெதுவு. எஃகுத்தூள் படிந்து கம்பி கறுத்துவிட்டால் கத்தி அதன் மேல் வழுக்கும், அறுக்காது. பென்சில் அழிக்கிற ரப்பரால் அழுத்தித் துடைத்தால் மறுபடி வெளுத்துவிடும்.

அப்புறம் எனக்குக் கிடைத்த வழி: தகட்டைக் கழற்றிவிடுவது. இரண்டு தகடும் காந்தத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 25 மைக்ரான் துகள் உள்ள நைசுத் தகட்டை எடுத்து, ஒரு சமமான மரத்துண்டில் ஒட்டி, ஆப்பு இல்லாமல் வெறுங்கையில் தீட்டுகிறேன். ஸ்காண்டி கத்திக்குக் கோணம் தேட வேண்டியதே இல்லை, அகலச் சரிவு தகட்டில் படிந்து உட்காரும் இடம்தான் கோணம். கொஞ்சம் தண்ணீர் தொட்டுக்கொள்கிறேன், எண்ணெய் தேவையில்லை. ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கத்தில் பிசிர் எழும்பும். கட்டைவிரலைக் கூருக்குக் குறுக்கே, வெளிப்புறமாக வருடினால் நெருடும். அந்த நெருடல் நுனியிலிருந்து கைப்பிடி வரை ஒரே சீராக வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். அன்றைக்குத்தான் அந்த ஓரத்தில் முதன்முதலாகப் பிசிர் தட்டுப்பட்டது. பிசிர் எழுந்தால் போதுமா? அதைத் தோலில் உதிர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் குச்சியில் மடங்கி, தீட்டியதெல்லாம் வீண்.

தகட்டில் அழுத்தித் தீட்டாதீர்கள், வைரத்துகளை நிக்கல் பூச்சுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அழுத்தினால் துகள் பெயர்ந்துவிடும். புதுத் தகடு முதலில் கரகரவென்று கீறும், போகப் போக அடங்கும். அதைத் தேய்ந்துவிட்டது என்று நினைத்து எறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது கணக்குப் பாருங்கள். இந்தக் கட்டைக்குக் கூடுதல் காசு கொடுப்பதே ஆப்புக்காக. கட்டை உருப்படியாக வேலை செய்ய வேண்டுமானால் ஆப்பை ஒதுக்க வேண்டியிருக்கிறது. தனியாக ஒரு வைரத் தகடும், பழைய பெல்ட்டின் உள்பக்கமும், ஒரு கட்டி பச்சை மெழுகும் இதே வேலையை இதைவிட நன்றாகச் செய்யும். கோணம் பிடிக்கக் கை பழகாதவர்களுக்கு ஆப்பு உதவியாக இருக்காதா என்று கேட்கலாம். இருக்கும். கூர் தொடங்கும் இடத்தில் அந்த அரைவட்ட வெட்டு விட்ட கத்தி வைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றுகூடச் சொல்வேன். எதுவானாலும் அந்த இழுப்புச் சாணைக்கு இது ஆயிரம் மடங்கு மேல். கார்பைடு பல் இரண்டுக்கும் நடுவில் கத்தியைச் சரக்கென்று இழுக்கிற அந்தச் சாமான், கூரைத் தீட்டுவதில்லை, எஃகைச் செதில் செதிலாகப் பிய்த்தெடுக்கிறது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கத்திகளை நிறையப் பார்த்தாயிற்று.

இவ்வளவு சொன்ன பிறகும் என் தீர்ப்பு வேண்டாம் என்பதுதான். விலை இன்னும் பாதியாகட்டும், அப்போதும் வேண்டாம். என் முகாம் பையில் அது இன்னும் இருக்கிறதே என்றால், ஆமாம், தோல் துண்டு அதில்தானே ஒட்டியிருக்கிறது. ஈரத்தில் ஒரு முறை ஓரம் பெயர்ந்து வந்ததை ரப்பர் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். நனைந்தால் பையில் போடுவதற்கு முன் நிழலில் உலர்த்திவிடுங்கள், பூஞ்சை பிடித்துவிடும்.