கரப்பானோடு குடித்தனம்: எதைவிட எது மேல்?

கரப்பான் என்று நாம் சொல்லும் எக்ஸிமா முற்றியவருக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. தேங்காய் எண்ணெய் தடவு என்பார் பக்கத்து வீட்டு அக்கா. கத்திரிக்காயை நிறுத்து என்பார் மாமியார். ஸ்டீராய்டு பக்கமே போகாதே என்பார் ஆபீஸ் நண்பர். ஒரே ஊசியில் போய்விடும் என்பார் தெருமுனை டாக்டர். இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குக் கேட்டிருக்கும், அதனால்தான் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள். நமக்கு வேண்டியது ஒன்றோடு ஒன்றை நிறுத்தி எடை போடுவது.

எடை போட நான் வைத்திருக்கும் படிக்கல் ராத்திரி. பகலில் வேலையும் பேச்சும் அரிப்பை ஓரளவு மறக்கடித்துவிடும். படுத்து உடம்பு சூடேறியதும் கை தானாக முழங்கைக்கும் கெண்டைக்காலுக்கும் போகிறது. காலையில் விரிப்பை உதறினால் செதில் பறக்கும், தலையணை உறையில் ரத்தப் பொட்டு இருக்கும். ஒரு மருந்து தோலின் சிவப்பைக் குறைத்தும் அந்த ராத்திரியை மாற்றவில்லை என்றால் அது பாதி மருந்துதான். டாக்டர்கள் பயன்படுத்தும் போயம் என்ற கேள்வித்தாளிலும் இந்தக் கணக்கு உண்டு. போன வாரம் எத்தனை நாள் அரித்தது, எத்தனை இரவு தூக்கம் கெட்டது என்று 7 கேள்விகள், மொத்தம் 28 மதிப்பெண். 17-ஐத் தொட்டால் கடுமை, 25-ஐத் தொட்டால் மிகக் கடுமை. டாக்டர் அறையில் "பரவாயில்லை சார்" என்று சொல்வதைவிட இந்த எண்ணைச் சொல்வது வேலைக்கு ஆகும்.

குளியல்: சோப்பா, மாவா, சின்டெட்டா

சாதாரண சோப்பு காரத்தன்மை கொண்டது, பிஎச் 9, 10 வரை போகும். நம் தோல் 5-ஐ ஒட்டி இருப்பது. ஏற்கெனவே வெடித்த தோலில் சோப்பு போட்டால் குளித்து முடித்த பத்தாவது நிமிடமே இழுத்துப் பிடிக்கும். பயத்த மாவு பரவாயில்லை என்று தோன்றும், ஆனால் அதில் இருக்கும் நொறுநொறுப்பு சொறிவதற்குச் சமம். வாசனைக் கிழங்குகள் சேர்த்த நலங்கு மாவு, தோல் திறந்த இடத்தில் எரிகிறது. சோப்பு மாதிரியே இருந்தும் காரம் இல்லாத, வாசனையும் இல்லாத சின்டெட் கட்டிதான் என் தேர்வு, அதுவும் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும்.

போர் தண்ணீர்தான் காரணம் என்று நீரின் கடினத்தைக் குறைக்கும் சாஃப்ட்னரை வீட்டுக்கே மாட்டச் சொல்பவர்கள் உண்டு. கடின நீர் இருக்கும் ஊர்களில் எக்ஸிமா கூடுதலாகத் தென்படுவது உண்மை. ஆனால் இங்கிலாந்தில் 336 குழந்தைகளை வைத்து நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், சாஃப்ட்னர் மாட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு நோய் கூடுதலாகக் குறையவில்லை. குளியல் நீரில் ஊற்றும் எண்ணெய்க் கலவைகளின் கதையும் இதுதான். 2018-இல் வெளியான, 482 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் அவற்றால் கூடுதல் பலன் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் காசை உடம்பில் தடவும் க்ரீமுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தேங்காய் எண்ணெயா, வாசலினா, க்ரீமா

நம் ஊரில் முதல் சண்டையே இதில்தான். தேங்காய் எண்ணெய்க் கட்சிக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் 8 வாரம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், வர்ஜின் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலைத் தெளிவாக வென்றது. ஆனால் அங்கே எடுத்துக்கொண்டது லேசான, நடுத்தர எக்ஸிமாதான். போட்டியாக நின்றதும் மினரல் ஆயில், வாசலின் அல்ல. அதை வைத்துக்கொண்டு நீர் கசியும் புண்ணுக்கு எண்ணெய் போதும் என்று சொல்ல முடியாது. ஆலிவ் எண்ணெயை மட்டும் யார் சொன்னாலும் வேண்டாம், அது தோலின் தடுப்புச் சுவரைக் கெடுக்கிறது.

ஈரத்தைப் பூட்டி வைப்பதில் வாசலினை மிஞ்ச ஆள் இல்லை. விலையும் மலிவு, எரிச்சலும் குறைவு. சிக்கல் சென்னை மே மாதத்தில். முழங்கை மடிப்பில் காலை தடவினால் பஸ் ஏறுவதற்குள் அடியில் வியர்வை தேங்கி, அந்த வியர்வையே அரிப்பைக் கிளப்பும். சட்டைக் கையில் எண்ணெய்க் கறை, அதில் தெருத் தூசி. மார்கழியிலும் ஏசி அறையிலும் அதே டப்பா அமிர்தம்.

2022-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று 550 குழந்தைகளிடம் லோஷன், க்ரீம், ஜெல், ஆயின்மெண்ட் நான்கையும் ஒப்பிட்டது. பலனில் வித்தியாசம் இல்லை. எரிச்சல் மட்டும் ஆயின்மெண்டில் குறைவு. ஆக, உங்களால் தினம் இரண்டு முறை தடவ முடிகிற எதுவும் சரி. நான் பகலுக்குக் க்ரீம், படுக்கப் போகும்போது வாசலின் என்று பிரித்திருக்கிறேன். அளவில்தான் பெரும்பாலோர் கஞ்சத்தனம் செய்கிறோம். உடம்பு முழுக்கக் கரப்பான் உள்ள பெரியவருக்கு வாரத்துக்கு 250 கிராமுக்குக் குறையக் கூடாது. 50 கிராம் ட்யூபை மாதக் கணக்கில் ஓட்டினால் எந்தக் கம்பெனிக் க்ரீமும் வேலை செய்யாது. லிக்விட் பாரஃபினும் வெள்ளை பாரஃபினும் கலந்த சாதாரணக் க்ரீம், படம் போட்ட பம்ப் பாட்டிலைவிடக் குறைந்த விலையில் கிடைக்கிறது.

இடையில் ஒன்று. இந்தப் பூச்சுகள் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுசாகப் போகாது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் இதற்கு எச்சரிக்கையே விட்டது. கேஸ் அடுப்பு முன்னாலும், கார்த்திகை விளக்கு வரிசைக்கு நடுவிலும் பழைய நைட்டியோடு நிற்பவர்கள் கவனிக்க வேண்டும்.

ஸ்டீராய்டா, டாக்ரோலிமஸா

ஸ்டீராய்டு க்ரீம் என்றாலே நம் ஊரில் பயம். பயத்துக்குக் காரணம் உண்டு. படர்தாமரைக்கும் முகம் வெளுக்கவும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய கலவை ட்யூப்களில், க்ளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்திருந்தன. தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிய, முகம் சிவந்தவர்கள் எத்தனையோ பேர். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனால் அந்தக் கெட்ட பெயர், டாக்டர் பார்த்து எழுதித் தரும் மருந்துக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கடுகளவு எடுத்துத் தேய்த்துவிட்டு "போட்டும் கேட்கவில்லை" என்கிறோம்.

சரியான அளவு விரலில் இருக்கிறது. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம், இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். ஒரு கைக்கு 3 அளவு, மணிக்கட்டுக்குக் கீழே இன்னொன்று. இரண்டு கைக்கும் சேர்த்து 8, அதாவது 4 கிராம். 15 கிராம் ட்யூப் நாலு நாள்கூட வராது. இந்தக் கணக்கைப் பார்த்தபின்தான் ஒரு ட்யூபை மூன்று மாதம் வைத்திருப்பது சிக்கனம் இல்லை, வைத்தியமே இல்லை என்று புரியும்.

டாக்ரோலிமஸும் தடவும் மருந்துதான், ஆனால் ஸ்டீராய்டு இல்லை, தோலை மெலிய வைக்காது. கண் இமை, கழுத்து, முகம் ஆகிய இடங்களில் அதுதான் மேல். குழந்தைக்கு 0.03, பெரியவருக்கு 0.1 சதவீதம். ஆனால் முதல் வாரம் மிளகாய் பட்ட மாதிரி எரியும். வெயிலில் இறங்கினால் இன்னும் மோசம். ட்யூபை ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பது கொஞ்சம் உதவும். இதற்குப் புற்றுநோய் எச்சரிக்கை போட வேண்டும் என்று அமெரிக்கா 2006-இல் ஒட்டிய கறுப்புக் கட்டத்தைப் பார்த்துப் பலர் விலகுகிறார்கள். குழந்தைகளைப் பத்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வில் அந்த அச்சம் மெய்யாகவில்லை.

என் தீர்ப்பு: கொழுந்துவிட்டு எரியும்போது கை, கால், முதுகுக்கு ஸ்டீராய்டு, முழு அளவில், டாக்டர் சொன்ன நாள் வரை. முகத்துக்கு டாக்ரோலிமஸ். அடங்கியபின் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வழக்கமாக வரும் இடங்களில் இரண்டில் ஒன்றைத் தடவி வருவது, மறுபடி கிளம்பட்டும் என்று காத்திருப்பதைவிட நல்லது.

ராத்திரிக்கு மாத்திரையா, ஈரத் துணியா

அலர்ஜிக்குப் போடும் செட்ரிசின் மாத்திரை எக்ஸிமா அரிப்புக்குப் பெரிதாக உதவாது. அந்த மாத்திரை தடுப்பது அலர்ஜியில் உடம்பு சுரக்கும் ஹிஸ்டமினை, இந்த அரிப்போ பெரும்பாலும் அதனால் வருவதில்லை. அதே வகையில் பழைய மாத்திரையான ஹைட்ராக்ஸிசின் தூங்க வைக்கும், ஆனால் காலையில் பைக் எடுப்பவருக்கு அந்த மந்தம் ஆபத்து. ஈரக் கட்டு மெனக்கெடுதான், இருந்தாலும் எனக்கு இது பிடித்திருக்கிறது. மருந்து, க்ரீம் தடவி, வெதுவெதுப்பான நீரில் பிழிந்த பழைய பருத்திப் பனியனை உள்ளே, உலர்ந்ததை மேலே போட்டுப் படுத்தால் அரிப்பு அடங்கும், நகமும் தோலில் படாது. இதற்கென விற்கும் பட்டு உள்ளாடைகளுக்குச் செலவு வேண்டாம். 300 குழந்தைகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில் அவற்றால் பயன் இல்லை.

சீழ், மஞ்சள் பொருக்கு இருந்தால் ஈரக் கட்டு கூடாது. ஒரே அளவில் குத்துக் குத்தாய் வலிக்கும் கொப்புளங்களும் காய்ச்சலும் சேர்ந்தால் அது ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

பத்தியமும் தைலமும்

கத்திரிக்காய், கருவாடு, இறால் எல்லாம் கரப்பான் பண்டம் என்று சொல்வது வழக்கம். பெரியவர்களில் சாப்பாட்டால் எக்ஸிமா கிளம்புவது அபூர்வம். கத்திரிக்காயை விட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை, வீட்டில் சண்டை மிச்சம். கைக்குழந்தைக்குப் பாலும் முட்டையும் பருப்பும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவதுதான் விபரீதம். அதற்கு ஒவ்வாமைச் சோதனையும் டாக்டரும் வேண்டும்.

அருகன் தைலம் போன்றவை எண்ணெய் என்ற அளவில் ஈரம் காக்கும். லேபிள் இல்லாத டப்பாவில் தரும் "மூலிகைக் களிம்பு" ஒரே வாரத்தில் அதிசயம் செய்தால் சந்தேகப்பட வேண்டும். 1999-இல் லண்டனில் எக்ஸிமாவுக்கு விற்ற 11 சீன மூலிகைக் க்ரீம்களைச் சோதித்ததில் 8-இல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது.

தடவுவது போதாதபோது

தெருமுனை ஊசியும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் ஒரே ஜாதி. மூன்றே நாளில் தோல் பளிச்சென்றாகும், நிறுத்தியதும் முன்னைவிடக் கோபமாகத் திரும்பும், சர்க்கரை ஏறும். அவசரத்துக்கு மட்டும்.

ஒளிச் சிகிச்சையில் 311 நேனோமீட்டர் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து வேண்டாம் என்பவருக்கு நல்லது. ஆனால் வாரம் இரண்டு மூன்று முறை, மாதக் கணக்கில் போய் வர வேண்டும். பெட்டிக்குள் நிற்பது சில நிமிடம், போய் வருவது அரை நாள். ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லாதவருக்கும் தினக்கூலிக்காரருக்கும் இது சரிப்படாது.

உடம்பின் நோய் எதிர்ப்பு வேகத்தை அடக்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் சைக்ளோஸ்போரினா, மெத்தோட்ரெக்ஸேட்டா என்ற கேள்விக்கு வந்து நிற்போம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 103 பிள்ளைகளிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தியது. சைக்ளோஸ்போரின் 12 வாரத்தில் முந்தியது. மருந்தை நிறுத்தியபிறகு நீடித்த பலன் மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு. அதாவது தேர்வு, கல்யாணம் என்று தேதி நெருங்கியவருக்கு முதலாவது, பல வருட நோயாளிக்கு இரண்டாவது. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்குச் சைக்ளோஸ்போரின் ஆகாது, பொதுவாக ஒரு வருடத்துக்கு மேல் தரவும் மாட்டார்கள். மெத்தோட்ரெக்ஸேட் விலை குறைவு, ஆனால் கர்ப்பத்துக்கு ஆகாது, குடிப்பவருக்கும் ஆகாது, ஈரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் அடிக்கடி ரத்தப் பரிசோதனை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அது வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினமும் போட்டு உயிரே போனவர்கள் உண்டு. வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்கும் இது தெரிய வேண்டும், அட்டையிலேயே கிழமையை எழுதி வையுங்கள்.

இவற்றுக்கும் மசியாவிட்டால் புது மருந்துகள். டூபிலுமாப் ஊசி அமெரிக்காவில் 2017-இல் அனுமதி பெற்றது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. வழக்கமான ரத்தப் பரிசோதனைத் தொல்லை இல்லை, பலருக்குக் கண் சிவந்து உறுத்துகிறது. அழற்சியைத் தூண்டும் ஜாக் என்ற நொதியைத் தடுக்கும் மாத்திரைகள், அதாவது ஜாக் தடுப்பான்கள், அரிப்பைச் சில நாளிலேயே அடக்குகின்றன. 2021-இல் வெளியான ஒப்பீட்டில் 16-ஆவது வாரம் உபடாசிடினிப் என்ற ஜாக் மாத்திரை எடுத்தவர்களில் 100-க்கு 71 பேருக்கும், டூபிலுமாப் எடுத்தவர்களில் 61 பேருக்கும் நோய் முக்கால் பங்காவது குறைந்திருந்தது. ஆனால் அதே ஆண்டு இந்த மாத்திரை இனத்துக்கு மாரடைப்பு, ரத்தக் கட்டி பற்றிய எச்சரிக்கையை அமெரிக்கா கடுமையாக்கியது. புகைபிடிப்பவரும் வயதானவரும் முதலில் ஊசியையே கேட்க வேண்டும். நம் ஊரில் அதே இனத்தில் விலை குறைந்த டோஃபாசிடினிப் கிடைக்கிறது என்பதால் எக்ஸிமாவுக்கும் அதை எழுதுகிறார்கள், அந்த நோய்க்கென்று அனுமதி பெற்ற மருந்து இல்லை அது. எந்த ஜாக் மாத்திரையானாலும் நெஞ்சு எக்ஸ்ரேயும் மறைந்திருக்கும் காசநோய்க்கான சோதனையும் முடியாமல் தொடங்கக் கூடாது. சீட்டு எழுதும் டாக்டர் அந்தப் பேச்சை எடுக்காவிட்டால் நாமே எடுக்க வேண்டியதுதான்.