சேலம் அஞ்சு ரோடு மாடிக்கடைல போட்ட அறுபதாயிரம் ரூபா கேமிங் பிசி, எட்டு மாசம் ஓட்டினதுக்கு அப்புறம்

மொதல்லயே சொல்லிடறேன், இது எனக்கு வாங்கின பிசி இல்ல, ஏற்காட்டுல இருக்கற சித்தி பையனுக்கு. போன வருஷம் 2025ல ப்ளஸ் டூ முடிச்சான், காலேஜுக்கு கம்ப்யூட்டர் வேணும்னு வீட்ல சொல்லிட்டு எனக்கு தனியா போன் பண்ணி "அண்ணா, வாலரன்ட் ஓடணும், ஜிடிஏ ஓடணும், அப்பாகிட்ட போட்டு குடுத்துடாத"ன்னான். சித்தப்பா மிளகு வித்த காசுல அறுபதாயிரம் எடுத்து கைல குடுத்து, "டேய் உனக்கு தான இதெல்லாம் தெரியும், நல்லதா பாத்து வாங்கிக்குடு"ன்னுட்டாரு. மானிட்டரும் அதுக்குள்ளயே. நான் அம்மாபேட்டைல இருக்கேன், எனக்கு தெரிஞ்சதெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ரேம் மாத்தறது வரைக்கும் தான், ஆனா சித்தப்பா முன்னாடி அத எப்படி ஒத்துக்கறது.

ஆன்லைன்லயே எல்லாம் போட்டுருக்கலாம். ஆனா எதாவது ஒரு பார்ட் வேலை செய்யலன்னா எது வேலை செய்யலன்னு கண்டுபிடிக்கவே நம்மகிட்ட இன்னொரு செட் பார்ட்ஸ் வேணும், அது நம்மகிட்ட இல்ல. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனா ஒரு நாள் லீவு காலி. அதனால சேலத்துலயே தேடுனேன்.

மொதல்ல போன கடை பேரு வேணாம். வாசல்லயே பெருசா "ஐ7 கேமிங் பிசி 32,000" போர்டு, உள்ள கண்ணாடி கேபினெட்ல கலர் கலரா லைட்டு எரியுது, பாத்தா கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு. எந்த ஜெனரேஷன்னு கேட்டா "ஐ7 ஐ7 தான் தம்பி, அதுல என்ன"ன்னாரு. நானே மவுஸ புடிச்சு சிஸ்டம் ப்ராப்பர்டீஸ் தொறந்து பாத்தேன், ஐ7 3770. அது 2012ல வந்த ப்ராசஸர்ங்க! கூட டிடிஆர்3 ரேம், ஜிடி 730 கிராபிக்ஸ் கார்டு, அது 2014 சரக்கு. அந்த ப்ராசஸர் விண்டோஸ் 11க்கு மைக்ரோசாப்ட் லிஸ்ட்லயே இல்ல, இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன்ல இருந்து தான் லிஸ்டே ஆரம்பிக்குது. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14 வரைக்கும் தான். விண்டோஸ் 11ல வாலரன்ட் ஓடணும்னா டிபிஎம் 2.0, செக்யூர் பூட்னு ரெண்டு பாதுகாப்பு வசதி இல்லாம கேமே தொறக்காது. ஆக நம்ம பையன் எதுக்கு வாங்கறானோ அதுவே அதுல நடக்காது. ஐ7ங்கற பேருக்கு மட்டும் காசு குடுத்துராதீங்க, பேருக்கு பின்னாடி இருக்கற நம்பர்ல தான் எல்லாம் இருக்கு, 2022ல வந்த ஐ3 12100எஃப் நாலே கோர் தான், அதுவே இந்த பழைய ஐ7ன கேம்ல ஓட ஓட விரட்டும்.

ரெண்டாவது கடை பரவால்ல, புது பார்ட்ஸ் தான் காட்டுனாங்க. ஆனா கார்டு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, அதையே புடிச்சுட்டு நின்னாங்க, விலை கம்மி, விலை கம்மின்னு. அந்த கார்டுல மெமரி 4 ஜிபி தான், மதர்போர்டு கூட பேசறதுக்கு நாலே லேன் (டேட்டா போற பாதை) தான், அத பிசிஐஇ 3.0 போர்டுல (பிசிஐஇன்னா கார்டு சொருகற ஸ்லாட், 3.0ன்னா 4.0வ விட வேகம் கம்மி) சொருகினா மெமரி நெறைஞ்சதும் கேம் திக்கி திக்கி நிக்கும். இது எனக்கு அன்னைக்கு தெரியாது. ஏதோ மனசுக்கு ஒப்பலன்னு தான் யோசிச்சு சொல்றேன்னு வந்துட்டேன், காரணம் அடுத்த கடைல போய் தான் தெரிஞ்சது.

அடுத்த கடை தான் நம்ம கடை. அஞ்சு ரோடு பக்கம், மாடில, படி செங்குத்தா இருக்கும், பத்துக்கு பன்னெண்டு ரூமு இருந்தா அதிகம். வண்டி நிறுத்த எடம் கெடையாது. கடை பேர போட்டா எவ்வளவு வாங்குனன்னு கேப்பீங்க, அதனால விட்டுடறேன். உள்ள போய் "அண்ணே, அறுபதாயிரத்துக்கு கேமிங் பிசி"ன்னேன். மத்த ரெண்டு கடைலயும் ஐ5ஆ ஐ7ஆன்னு தான் ஆரம்பிச்சாங்க, இந்த அண்ணன் கேட்டது "மானிட்டர் என்ன மானிட்டர் தம்பி?" அவ்வளவு தான், எனக்கு அப்பவே புடிச்சு போச்சு. மானிட்டர் 1080பியா 1440பியான்னு (திரைல புள்ளி எவ்வளவுன்னு) தெரிஞ்சா தான் கார்டு எதுன்னு தெரியும், கார்டு தெரிஞ்சா தான் ப்ராசஸர், ரெண்டும் தெரிஞ்சா தான் எஸ்எம்பிஎஸ் (எல்லா பார்ட்டுக்கும் கரண்ட் குடுக்கற டப்பா). நான் தலகீழா ப்ராசஸர்ல இருந்து லிஸ்ட் எழுதிட்டு போயிருந்தேன். அண்ணன் அந்த பேப்பர திருப்பி போட்டு பின்பக்கம் எழுத ஆரம்பிச்சாரு.

24 இன்ச் 1080பி ஐபிஎஸ் 165 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 165 தடவ படம் மாத்தறது) மானிட்டர் 9,400. அதுக்கு ஏத்த கார்டா ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி, 20,800, மொத்த காசுல மூணுல ஒரு பங்கு இதுக்கே போகுது. நான் என்விடியா கம்பெனியோட ஆர்டிஎக்ஸ் 3050 கேட்டேன், எல்லாரும் என்விடியா என்விடியான்றாங்களேன்னு. வெறும் கேம்னா இந்த விலைல 6600 தான் வேகம், பையன் பிளெண்டர் மாதிரி ரெண்டரிங் வேலை நெறைய பண்ணுவான்னா சொல்லு, அப்ப என்விடியா போட்டுக்கலாம்னாரு. போன் போட்டு கேட்டேன், "ரெண்டரிங்னா என்னண்ணா"ன்னான். சரி 6600.

ப்ராசஸர் ரைசன் 5 5600, ஆறு கோர் பன்னெண்டு த்ரெட், 9,900, கூலர் பாக்ஸ்லயே வருது. இங்க நம்பர்ல ஒரு எழுத்து கூட குறைய ஆள் மாறிடும், கவனமா இருங்க. 5600ஜின்னா உள்ளயே கிராபிக்ஸ் இருக்கும், கார்டு இப்போதைக்கு வேணாம் அப்புறம் வாங்கிக்கறேன்றவங்களுக்கு அது சரி, ஆனா கேஷ் மெமரி (ப்ராசஸருக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி) 32க்கு பதிலா 16 எம்பி தான், பிசிஐஇயும் 3.0. கார்டு வாங்கறவன் 5600 தான் வாங்கணும். ட்ரே பீஸ்னு டப்பா இல்லாம வெலை கம்மியா குடுப்பாங்க, அதுக்கு கடைக்காரர் வாய் வார்த்தை தான் வாரண்டி, டப்பாவோட வாங்கினா கம்பெனியே மூணு வருஷம்.

மதர்போர்டு பி450, 6,100. பி550 வாங்கலாம், பிசிஐஇ 4.0 வரும், ரெண்டாயிரத்துக்கு மேல கூட ஆகும். 6600 எட்டு லேன்ல ஓடற கார்டு, 3.0 போர்டுல போட்டா கொஞ்சம் தான் இழப்பு, அந்த 6500 மாதிரி மோசமாகாது, அந்த ரெண்டாயிரத்த எஸ்எம்பிஎஸ்ல போடுன்னாரு. (அந்த 6500 விஷயம் எனக்கு வெளங்கினது இங்க தான்.) பி450ல ஒரு சூது இருக்கு, பழைய ஸ்டாக் போர்டா இருந்தா பயாஸ் (போர்டுக்குள்ளயே இருக்கற சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணாம 5000 சீரிஸ் ப்ராசஸர் ஏறவே ஏறாது, டப்பால ரைசன் 5000 ரெடின்னு ஸ்டிக்கர் இருக்கான்னு பாத்துக்கணும்.

இப்ப எஸ்எம்பிஎஸ் கதைக்கு வரேன், எனக்கு இந்த கடைல பாதி மரியாதை வந்ததே இதுல தான். கேபினெட்டோட ஃப்ரீயா வர்ற எஸ்எம்பிஎஸ் ஒண்ண எடுத்து கைல குடுத்தாரு, தக்கையா இருக்கு, மேல 450 வாட்னு பெருசா போட்டிருக்கு. "ஸ்டிக்கர்ல 12 வோல்ட் லைன்ல எத்தன ஆம்ப்னு படி தம்பி"ன்னாரு. 14ன்னு இருந்துச்சு. 12ஐயும் 14ஐயும் பெருக்குனா 168 வாட். கார்டு மட்டும் 132 வாட் இழுக்கும், ப்ராசஸர் 65க்கு மேல, ரெண்டுமே 12 வோல்ட்ல தான் சாப்புடும், இவன் எங்க இருந்து குடுப்பான்? அப்புறம் 550 வாட் ப்ரான்ஸ் ஒண்ணு எடுத்தாரு, செங்கல் கனம், அதுல 43 ஆம்ப், பெருக்கினா 516. விலை 3,900. எங்க ஏரியால தறி ஓடற நேரத்துல வோல்டேஜ் ஆடற ஆட்டம் எனக்கு தெரியும், ஏற்காட்டுல மழை காத்துனா கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னே தெரியாது, அதனால இதுல பேரமே பேசல. இந்த பெருக்கல் கணக்க மட்டும் எந்த கடைக்கு போனாலும் போட்டு பாத்துடுங்க.

மீதி சட்டுனு சொல்லிடறேன். ரேம் 8+8 டிடிஆர்4 3200, 3,300. ஒரே 16ஆ வாங்காதீங்க, ரெண்டு குச்சியா போட்டா தான் டூயல் சேனல், ரெண்டு பாதைல டேட்டா போகும். 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 4,900. கேபினெட் 2,900, முன்னாடி வலை வச்சது, கண்ணாடி முன்பக்கம் வச்சது பாக்க நல்லாருக்கும் ஆனா காத்து எங்க போகும். மொத்தம் 61,200, பில்லோட, 18 சதவீதம் ஜிஎஸ்டி உள்ளயே, மேல வந்த 1,200 நான் போட்டேன், கீபோர்டு மவுஸ் என்கிட்ட இருந்த பழசு.

அசெம்பிளி கண்ணு முன்னாடியே பண்ணாங்க, தனி சார்ஜ் இல்ல. ரெண்டு மணி நேரம்னாங்க, நாலு மணி நேரம் ஆச்சு, நடுவுல ப்ரிண்டர் ரிப்பேர்க்கு வர்றவங்கள எல்லாம் கவனிச்சுட்டு தான் நம்மகிட்ட வர்றாங்க. நான் கீழ எறங்கி தட்டுவடை செட் ரெண்டு ப்ளேட் சாப்டு வந்தேன், அப்பவும் கூலர் தான் மாட்டிட்டு இருந்தாங்க. கடையோட குறைன்னா இது ஒண்ணு. பேங்க் கார்டு தேய்ச்சா 2 சதவீதம் தனியா கேக்கறது ரெண்டு. பின்னாடி ஒயர கட்டினது மூணு, ஏதோ மூட்டை கட்டற மாதிரி கட்டி மூடிட்டாங்க, வீட்ல வந்து நான் திரும்ப பிரிச்சு கட்டுனேன்.

இன்னொரு குறை கடை மேல இல்ல, என் மேல. அந்த போர்டுல வைஃபை கெடையாது. சித்தப்பா வீட்ல ரூட்டர் ஹால்ல, பையன் ரூம் மாடில. அண்ணன் கேக்கல, நானும் சொல்லல. ஏற்காடு போய் ஆன் பண்ணதுக்கு அப்புறம் தான் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம். அப்புறம் யுஎஸ்பி வைஃபை ஒண்ணு வாங்கி குடுத்தேன், 650 ரூபா. லிஸ்ட் போடும்போதே நெட் எப்படி வருதுன்னு எழுதிக்கோங்க.

மேல கொண்டு போறது இருக்கே. அது மே மாசம், கோடை விழா கூட்டம், அடிவாரத்துல இருந்தே வண்டி நகரல. கெளம்பறப்ப அண்ணன் "எங்க தம்பி கொண்டு போற"ன்னு கேட்டாரு, ஏற்காடுன்னதும் மூடின கேபினெட்ட திரும்ப தொறந்து கிராபிக்ஸ் கார்ட கழட்டி அதோட டப்பாலயே வச்சு கைல குடுத்துட்டாரு. இருபது கொண்டை ஊசி வளைவு, அந்த கனம் ஸ்லாட்ல தொங்கிட்டே ஆடுனா ஸ்லாட் போயிடும்னாரு. சித்தப்பா ஆம்னி வேன்ல இருபதாயிரம் ரூபா டப்பாவ மடில வச்சுகிட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் கொழந்தைய புடிக்கற மாதிரி புடிச்சுகிட்டு போனேன். மேல போய் நானே மாட்டுனேன், எட்டு பின் பவர் ஒயர சொருக மறந்துட்டு பத்து நிமிஷம் வேர்த்து போனது சித்தப்பாவுக்கு இன்னைக்கும் தெரியாது.

மாட்டினதும் மூணு விஷயம் பாருங்க. மானிட்டர் ஒயர் கார்டுல தான் சொருகணும், போர்டுல இல்ல. பயாஸ்ல எக்ஸ்எம்பி (ரேம அதோட முழு வேகத்துல ஓட விடற செட்டிங்) ஆன் பண்ணணும், எங்களுக்கு 3200 ரேம் 2666லயே ஓடிட்டு இருந்துச்சு. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ல 165 ஹெர்ட்ஸ நம்மளே மாத்தணும், இல்லன்னா காசு குடுத்து வாங்கின மானிட்டர் 60லயே ஓடிட்டு இருக்கும், பையன் ஒரு வாரம் அப்படி தான் ஓட்டுனான்.

இப்ப எட்டு மாசம். வாலரன்ட் 165 ஹெர்ட்ஸுக்கு மேலயே ஓடுது, கவுண்டர் ஸ்ட்ரைக் 2 செட்டிங்ஸ கொஞ்சம் எறக்குனா நல்லா ஓடுது, ஜிடிஏ 5 எல்லாம் இந்த கார்டுக்கு தூசு. புது பெரிய கேம்ல ஹை செட்டிங்ல 60, ரே ட்ரேசிங் (நிஜம் மாதிரி வெளிச்சம் நிழல் காட்டற வசதி) பக்கம் போகாதீங்க, அது இந்த கார்டோட வேலை இல்ல. சேலத்துல என் ரூம்ல டெஸ்ட் பண்ணப்ப கார்டு 78 டிகிரி தொட்டுச்சு, மேல 65 தாண்டல, அந்த குளுருக்கு ஏசி செலவு மிச்சம். பனி நேரத்துல ஜன்னல் பக்கத்துல வைக்காதன்னு மட்டும் சொல்லிருக்கேன். 600 விஏ யுபிஎஸ் ஒண்ணு சித்தப்பா தனியா வாங்கி போட்டாரு, கேம்ல இருந்து வெளிய வந்து ஷட்டவுன் பண்ண நேரம் குடுக்குது, அது போதும்.

நவம்பர்ல பையன் இன்னொரு 16 ஜிபி ரேம் வேணும்னான். திரும்ப அந்த மாடி ஏறினேன். நாங்க 3,300க்கு வாங்கின அதே ரேம் விலைய கேட்டு நான் படியிலயே உக்காந்துருப்பேன், ஏஐ சர்வர்களுக்கு மெமரி எல்லாம் போகுதாம், டிடிஆர்4 டிடிஆர்5 ரெண்டுமே எகிறிடுச்சு. "இருக்கற 16 அவனுக்கு பத்தலயான்னு டாஸ்க் மேனேஜர்ல பாத்துட்டு வரச்சொல்லு, பத்தலன்னா தரேன்"ன்னாரு அண்ணன். பாத்தோம், 11 ஜிபி தான் போயிருந்துச்சு, அதுலயும் பாதி குரோம். ரேம் வாங்கல.

ஞாயித்துக்கிழமை கடை லீவு. போறதுன்னா மதியம் போங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ப்ரிண்டர் கூட்டம்.