செடி வளர்க்கிற மீன் தொட்டிக்குள் அடியில் எதைப் போடுவது? நம்ம ஊர்த் தண்ணீரை வைத்து ஓர் அலசல்

இராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை பக்கம் செடியும் மீனுமாக நன்னீர்த் தொட்டி வைக்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான்: கரை முழுக்க மணல் கிடக்கிறது, ஒரு வாளி அள்ளி நாலு தடவை அலசிப் போட்டால் போதாதா? போதாது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். உப்பு அலசினால் போய்விடும், அது பெரிய விஷயமில்லை. மணலோடு பொடிப்பொடியாகக் கலந்திருக்கிற சிப்பியும் பவளத் துணுக்கும் எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. ஒரு பாட்டில் மூடியில் கொஞ்சம் மணலை எடுத்து நாலு சொட்டு வினிகர் விட்டுக் காதருகே வைத்துப் பாருங்கள், சோடா திறந்த மாதிரி சன்னமாக ஒரு சத்தம் கேட்கும், மணலுக்கு இடையில் குமிழ் எழும். அதுதான் கால்சியம் கார்பனேட். தொட்டியில் கிடந்து மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையையும் பிஹெச்சையும் (அமில-கார அளவு) ஏற்றும், செடிக்காக கார்பன் டை ஆக்சைடு விடுகிற தொட்டியில் இன்னும் சீக்கிரம். ஏற்கெனவே நம்ம போர்த் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படிய வைக்கிற தண்ணீர், அதற்கு மேல் இது வேறா?

கரை ஒதுங்கிய பவளக் கல்லை அலங்காரத்துக்கு எடுக்கிறதும் வேண்டவே வேண்டாம். மன்னார் வளைகுடா 1986-லேயே கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம், பவளத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. அது கடலிலேயே இருக்கட்டும்.

சரி, காசு கொடுத்து அக்வாசாயில் (aquasoil) என்கிற தொட்டி மண்ணை வாங்கினால்? சுட்ட மண் உருண்டை. சத்து உள்ளேயே இருக்கிறது, வேர் இறங்க இடம் இருக்கிறது, தண்ணீரை மென்மையாக்கி பிஹெச்சையும் இறக்கிக் கொடுக்கும். மென்னீர் கிடைக்கிற ஊரில் இதற்கு இணை கிடையாது என்று நானே சொல்வேன். இரண்டடிக்கு ஓரடித் தொட்டியில் 5 செ.மீ. உயரம் போட 9 லிட்டர் மூட்டை ஒன்று சரியாக இருக்கும். ஆனால் போட்ட முதல் சில வாரம் இது மீனுக்கு ஆகாத அம்மோனியாவைக் கக்கும், அதனால் அடிக்கடி தண்ணீர் மாற்றச் சொல்வார்கள். சிக்கலே அங்கேதான். போர்த் தண்ணீரை ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் அதிலுள்ள கார்பனேட்டை அடக்கவே அந்த மண்ணின் சக்தி செலவாகிறது. என் தொட்டியில் முதல் வாரம் பிஹெச் சோதனைத் திரவம் மஞ்சள் காட்டியது, அதாவது பிஹெச் இறங்கியிருந்தது, அவ்வளவு சந்தோஷம் எனக்கு. மூன்றாம் மாதம் அதே தொட்டியில் கரு நீலம், பிஹெச் மறுபடி ஏறிவிட்டது, குழாய்த் தண்ணீருக்கும் தொட்டித் தண்ணீருக்கும் வித்தியாசமே இல்லை. மண்ணில் சத்து இன்னும் இருந்தது, ஆனால் எதற்காக அவ்வளவு விலை கொடுத்தேனோ அந்த வேலை முடிந்துவிட்டது. காவிரிக் குடிநீரோ மழைநீரோ தொட்டிக்கு ஒதுக்க முடிகிறவர்கள் மட்டும் இதை வாங்குங்கள்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது ஆற்று மணல். கட்டட வேலையில் மிஞ்சியது ஒரு சட்டி கிடைத்தாலும் போதும், சல்லடையில் சலித்து 1 முதல் 3 மி.மீ. பருமன் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு, மாவு மாதிரி இருப்பதைக் கொட்டிவிடுங்கள். மாவு மணல் இறுகிப்போய் அடியில் காற்றில்லாமல் கறுக்கும், கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். இதற்கும் வினிகர் சோதனை உண்டு. மணலில் சத்து எதுவும் கிடையாது, ஆகவே கிரிப்டோகோரைன், அமேசான் ஸ்வோர்டு மாதிரி வேரால் சாப்பிடுகிற செடிகளுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உர மாத்திரையை வேர்ப்பக்கம் புதைக்க வேண்டும். எம்-சாண்ட் வினிகருக்குப் பொங்காது, ஆனால் முனை கூர்மை, தரையில் மேய்கிற கோரிடோராஸ் மீனின் மீசை தேய்ந்துபோகலாம்.

ஓரங்குலம் மண், அதன் மேல் ஓரங்குலம் மணல் என்று போடுகிற முறைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. செலவும் குறைவு, செடி கொழிக்கும். ஆனால் மண் எங்கேயிருந்து வருகிறது என்பதுதான் எல்லாமே. கடலோர மண்ணும் உப்பளத்துப் பக்கத்து மண்ணும் உரம் போட்ட வயல் மண்ணும் ஆகாது. உள்ளே தள்ளியிருக்கிற கண்மாயின் வண்டல் நல்லது, கமுதி முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசலில் சுண்ணாம்புக் கல் கிடக்கும், பொறுக்கிவிட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். ஊறவைத்து வடித்து, ஊறவைத்து வடித்து, நாலைந்து தடவை செய்தபிறகு போடுங்கள். முதல் நாளே செடியை நெருக்கமாக நடுங்கள், மீன் ஒரு மாதம் கழித்துத்தான், அதுவும் அம்மோனியா இல்லை என்று பார்த்த பிறகு. அடிக்கடி செடியைப் பிடுங்கி இடம் மாற்றுகிறவர்களுக்கு இது ஒத்துவராது, ஒரு செடியைப் பிடுங்கினால் தொட்டியே குழம்பிவிடும்.

அப்புறம் செடி. தண்ணீர் கடினம் என்றால் வாலிஸ்னேரியா நடுங்கள், தண்ணீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தே அது கார்பனை எடுத்துக்கொள்ளும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் கல்லில் கட்டிவிட்டால் அடியில் என்ன கிடந்தாலும் கவலையில்லை. கிழங்குத் தண்டைப் புதைத்தால் அழுகிப்போகும், அது மட்டும் கவனம். இப்போது போர்த் தண்ணீர்த் தொட்டியில் வெறும் ஆற்று மணலும் வாலிஸ்னேரியாவும்தான், இரண்டு கொத்து நட்டது ஓடுதண்டு விட்டு ஓடிப் பின்சுவரை முழுக்க மறைத்திருக்கிறது.