ரூப்சந்த் மீனைப் பார்க்க டிக்கெட் எடுத்தோம்: டனல் அக்வேரியம் போகிறவர்கள் படிக்கவும்

மேட்டூர் திறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. குடமுருட்டியில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை லீவு. அந்த நேரம் பார்த்து வாட்ஸப்பில் ஒரு போஸ்டர் வந்தது. ‘தஞ்சையில் முதன்முறையாக! கடலுக்கு அடியில் நடந்து செல்லுங்கள்! சுறா, பிரானா, கடற்கன்னி!’ கீழே ஒரு செல் நம்பர். ‘ஃபேமிலி ஆஃபர், 7 பேருக்கு 1,050 ரூபாய், முன்பதிவுக்கு மட்டும்.’

நாங்களும் சரியாக ஏழு பேர். அம்மா, அக்கா, அக்கா மகன், நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு. ஆற்றில்தான் தண்ணீர் இல்லை, கண்ணாடிக்குள்ளாவது பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவானது.

நம்பருக்குப் போன் போட்டேன். “டனல் உள்பட எல்லாம் இதுலயே அடக்கம் சார். கேட்ல மெசேஜைக் காட்டுங்க, நேரா உள்ள விட்டுருவாங்க” என்றார் எடுத்தவர். டனல் என்றால் தலைக்கு மேலே தண்ணீரும் மீனும் தெரிகிற கண்ணாடிச் சுரங்கம். ஜீபே பண்ணினேன். திரையில் வந்தது ஒரு தனி ஆளின் பெயர், கண்காட்சியின் பெயர் இல்லை. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். இதில் என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

வலங்கைமான் பக்கத்திலிருந்து வாடகைக் காரில் போய்ச் சேர மணி நாலு. திடலில் தகரக் கொட்டகை, வாசலில் ஃபைபரில் செய்த சுறா வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. கேட்டில் இருந்த பையன் மெசேஜைப் பார்த்துவிட்டு, “இது என்ட்ரி மட்டும்தான் அண்ணே. டனலுக்குத் தலைக்கு நூறு” என்றான். போனில் எல்லாம் அடக்கம் என்றார்களே என்றேன். “அவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது. நீங்க பணம் போட்டது எங்க நம்பர் இல்ல.” பின்னால் வரிசை நீள்கிறது. பிள்ளைகள் சுறாவின் வாய்க்குள் கையை விட்டு விளையாடுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்பிப் போகவா முடியும்? கவுன்ட்டரில் ஒட்டியிருந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி 700 கட்டினேன். அவர்களுடைய கணக்கே இதுதான்: குடும்பத்தோடு கேட் வரைக்கும் வந்தவன் திரும்பிப் போகமாட்டான்.

டனல் எவ்வளவு நீளம் தெரியுமா? என் மகள் எண்ணினாள். பதினாலு எட்டு வைத்தால் முடிந்துவிட்டது. அதற்குள் நாற்பது பேர். தலைக்கு மேலே தண்ணீர் கஞ்சித் தண்ணி மாதிரி கலங்கிக் கிடந்தது.

‘சுறா’ என்று போர்டு வைத்த தொட்டியில் வெள்ளி நிறத்தில் நீளமாகப் பத்துப் பன்னிரண்டு மீன். எல்லாவற்றுக்கும் மீசை. சுறாவுக்குக் கழுத்துப் பக்கம் ஐந்து வெட்டு வரிசையாகத் தெரியும், அதுதான் செவுள். இதற்கோ நம் கெளுத்திக்கு இருக்கிற மாதிரி செவுள் மூடி. ஓட்டலில் பாசா என்று வறுத்துக் கொடுக்கிறார்களே, அந்தப் பங்காசியஸ் கெளுத்தி. அலங்கார மீன் கடையில் குஞ்சாக இருக்கும்போது இதை ஷார்க் என்று சொல்லித்தான் விற்பார்கள். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போர்டு எழுதிவிட்டார்கள்.

அடுத்தது பிரானா. அங்கே மைக் வைத்துக்கொண்டு ஒருவர், “அமேசான் காட்டு மீன்! கையை விட்டா எலும்புதான் மிஞ்சும்!” என்று முழங்கிக்கொண்டிருந்தார். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார்கள். வட்ட உடம்பு, வயிற்றுப் பக்கம் சிவப்பு.

“ஏன் தம்பி, இது ரூப்சந்துல்ல? போன ஞாயித்துக்கிழமைதான் குழம்பு வெச்சேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மைக்காரர் பாட்டை சத்தமாக வைத்துவிட்டார்.

அம்மா சொன்னது சரி. வளர்ப்புக் குளத்திலிருந்து சந்தைக்கு வருகிற ரூப்சந்த்தான் அது, ஆங்கிலத்தில் பாக்கு (pacu) என்பார்கள். பூர்வீகம் தென் அமெரிக்கா, பிரானாவுக்குப் பங்காளி முறை, ஆகவே அமேசான் என்பது மட்டும் பொய்யில்லை. பல்லைப் பார்த்தால் தெரிந்துவிடும். பிரானாவுக்கு ரம்பம் மாதிரி முக்கோணப் பல், இதற்கு மனுஷக் கடைவாய்ப்பல் மாதிரி தட்டையாக இருக்கும், கொட்டையை உடைத்துத் தின்ன. பாவம் இந்த மீன். சில மீன் கடையில் வவ்வால் என்று சொல்லி விற்கிறார்கள், கொட்டகையில் பிரானா என்று காட்டுகிறார்கள். சொந்தப் பெயரில் பிழைக்கவே விடமாட்டேன் என்கிறார்கள்.

மற்ற தொட்டிகளில் கோய் கெண்டை, ஆஸ்கர், கவுராமி, ஜிலேபி. மொத்தக் கொட்டகையிலும் கடல் மீன் ஒன்றுகூட இல்லை. இருக்கவும் முடியாது. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அத்தனை ஆயிரம் லிட்டருக்கு உப்புக் கலந்து, ஊர் ஊராகப் பிரித்து மாட்டுவது லேசான செலவு இல்லை. நன்னீர் மீன் என்றாலும் புதுத் தொட்டியில் மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா ஃபில்டரில் ஊறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இவர்கள் அதற்குள் கடையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் பத்து வருஷமாகத் தொட்டி வைத்திருக்கிறவன், அதனால் சொல்கிறேன். கத்திரி வெயிலில் தகரத்துக்கு அடியில் தண்ணீர் சூடானால் அதில் ஆக்ஸிஜனும் குறையும். பாதி மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒன்றின் துடுப்பில் பஞ்சு ஒட்டின மாதிரி பூஞ்சை. இன்னொன்று மல்லாந்துவிட்டது. ஒரு ஆள் வலையில் அள்ளி பெயின்ட் வாளியில் போட்டு ஓரமாக எடுத்துப் போனார். சின்னவன், “அதுக்குத் தூக்கம் வந்துடுச்சாப்பா?” என்றான்.

கடற்கன்னிக்குத் தனியாக ஐம்பது ரூபாய் கேட்டார்கள். போகவில்லை. பாத்ரூம் கிடையாது. முட்டிவலிக்காரரான அம்மா கவிழ்த்துப் போட்ட கிரேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே போகிற வழியில் கடல்குதிரையை உள்ளே வைத்த கீசெயின் விற்றார்கள். அது நிஜமா பிளாஸ்டிக்கா என்று நான் ஆராயவில்லை. நிஜமாக இருந்தால் வாங்குகிறவருக்கும் வம்பு. கடல்குதிரை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிற உயிர்.

ராத்திரி வீட்டுக்கு வந்து செலவுக் கணக்கு எழுத ஜீபேயைத் திறந்தபோதுதான் கவனித்தேன். காலையில் 1,050 போனதும், கவுன்ட்டரில் 700 போனதும் ஒரே பெயருக்கு. ‘அவங்க யாருன்னு தெரியாது’ என்று அந்தப் பையன் சொன்ன ஆளின் கியூஆர்தான் அவன் மேஜையில் ஒட்டியிருந்தது.

மறுநாள் போன் போட்டால் எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். போஸ்டர், இரண்டு பணப் பரிமாற்றத்தின் ஸ்கிரீன்ஷாட், ‘சுறா’ போர்டோடு அந்தக் கெளுத்தியின் படம், மூன்றையும் கொடுத்திருக்கிறேன். பொய் விளம்பரம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குக்கு உரியது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் இல்லை. முன்பதிவு என்று பணத்தை வாங்கிக்கொண்டு கண்காட்சியே இல்லாமல் போனால் அது சைபர் க்ரைம், உடனே 1930-க்கு அடியுங்கள். நான் 1915-க்கே ஒரு நாள் முழுக்கச் சும்மா புலம்பிவிட்டுத்தான் அடித்தேன், அது தப்பு.

பிள்ளைகளுக்குக் கடல் மீன்தான் காட்ட வேண்டும் என்றால், ராமேஸ்வரம் போகிறபோது மண்டபத்தில் இறங்குங்கள். 1947-இல் தொடங்கின மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகம் அங்கே இருக்கிறது. என்றைக்குத் திறந்திருக்கும் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். கொள்ளிடம் தாண்டினால் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலையின் கடல் உயிரியல் மையத்தில் அருங்காட்சியகம் உண்டு. நிஜமான பெரிய டனல் வேண்டுமானால் சென்னை ஈசிஆரில் 2019-இல் திறந்தது இருக்கிறது, செலவு கூடுதல். எங்கே போனாலும் அவர்களுடைய கவுன்ட்டரிலோ சொந்தத் தளத்திலோ டிக்கெட் எடுங்கள். ஃபார்வர்டில் வந்த நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். ‘டனலும் சேர்த்தா’ என்பதை மெசேஜில் எழுதி வாங்குங்கள். போனில் சொன்னது காற்றோடு போச்சு.

புகார் கொடுத்துப் பதினொரு நாள் ஆகிறது, எண் மட்டும் வந்திருக்கிறது. திடலில் இப்போது குழிகளும் கொஞ்சம் தெர்மாகோலும்தான். அடுத்து மயிலாடுதுறையா, திருவாரூரா தெரியவில்லை. உங்கள் ஊரில் ஃபைபர் சுறா வாயைப் பிளந்துகொண்டு நின்றால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்புகிறேன். கவுன்ட்டரில் ஒட்டியிருக்கிற பெயரோடு ஒத்துப் பாருங்கள்.